கடைசி எபிசோடைப் பார்க்காத குடும்பம்

எனக்கு டிவி ராசி கிடையாது. நான் மனசார ரசிக்கும் எந்த நாடகமும் ஒரு சீசனைத் தாண்டியதில்லை. (அம்மா பார்க்கும் சீரியலில் ஒரு பெண், நான் காலேஜில் சேர்ந்தபோது கர்ப்பமானாள். எனக்கு வேலை கிடைத்த பிறகுதான் அவளுக்கு வலியே எடுத்தது.)

நான் ரசிப்பதெல்லாம் ஒரே ரகம். இரண்டு ஆண்கள் காதலிப்பார்கள், சண்டை போடுவார்கள், பாலைப் பொங்கவிடுவார்கள், நம்மைச் சிரிக்க வைப்பார்கள். யாரும் சாக மாட்டார்கள். அப்படியொன்று ஏதாவது ஆப்பில் அத்தி பூத்தாற்போல் வரும். அந்த ஆட்களோடு நான் வீட்டு மனிதர்களைப் போலப் பழகி முடிக்கும் நேரத்தில் 'ரத்து' என்று செய்தி வரும். ஏன் ரத்து என்று கம்பெனிக்காரர்கள் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். என்னைப் போன்ற ரசிகர்கள் பேசிக்கொள்வது இதுதான்: எத்தனை பேருக்குப் பிடித்தது என்று அவர்கள் பார்ப்பதில்லை, வந்த சில வாரங்களுக்குள் எத்தனை பேர் கடைசி வரை பார்த்து முடித்தார்கள் என்றுதான் பார்க்கிறார்கள். நாங்களே கொஞ்சம் பேர். அதிலும் பாதிப் பேர் வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்க்கிறவர்கள். அவர்கள் எங்கே சட்டுபுட்டென்று முடிப்பது? அழுகைக் கதை என்றாலாவது தூக்கிவைத்துக் கொண்டாடுவார்கள். சிரிப்புக்கு அந்த மரியாதை கிடையாது. இதில் எனக்கு வரும் கோபம் இருக்கிறதே, சொல்லி மாளாது.

அப்படி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட நாடகங்களில் ஒன்று, பேக்கரி நாடகம்.

எப்போதும் குளிரடிக்கும் ஏதோ வெளிநாட்டு ஊர். நெட்டையன் ஒருவன், குட்டையன் ஒருவன். இரண்டு பேரும் சேர்ந்து ரொட்டிக் கடை நடத்துகிறார்கள், கடைக்கு மேலே மாடியில் ஒன்றாகக் குடித்தனம். குட்டையன் இதைத் தன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு எபிசோடிலும் 'இன்று சொல்லிவிடுகிறேன்' என்று அம்மா வீட்டுக்குக் கிளம்புவான். தூக்கு நிறைய சூப்பை வாங்கிக்கொண்டு, சொல்லாமலே திரும்பி வருவான். நெட்டையன் அந்தத் தூக்கைப் பார்த்து, "இன்னைக்கும் இல்லையா?" என்பான். அவ்வளவுதான் கதை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏனென்றால் குட்டையன் நான்தான். (உயரத்தைச் சொல்லவில்லை.) என் நெட்டையன் பெயர் ரகு. மயிலாப்பூரில் நானும் அம்மாவும் இருக்கும் ஃபிளாட்டுக்கு மூன்று வருஷம் வந்து போனான். 'ஆபீஸ் ஃபிரண்டு' என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அம்மா அவனுக்கு வத்தக்குழம்பை டப்பாவில் ஊற்றி, மேலே பிளாஸ்டிக் கவரைக் கட்டிக் கொடுத்தனுப்புவாள். ஒருநாள் அவன் எங்கள் படிக்கட்டில் நின்று, "ஒரு நாளாவது ஆபீஸைச் சேர்க்காம வெறும் ரகுன்னு சொல்லேன்டா" என்றான். நான் "அடுத்த மாசம்" என்றேன். அடுத்த மாசம் அவன் புனேவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். "அந்தக் கண்ணாடி போட்ட பையன் ஏன் இப்பல்லாம் வர்றதே இல்ல?" என்று அம்மா கேட்டாள். வேலை ஜாஸ்தி என்றேன்.

ஆகவே ஒரு திட்டம் போட்டேன். என் வாயால் முடியாததைக் குட்டையன் வாயால் சொல்ல வைப்பது. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து நாடகத்தைக் காட்ட வேண்டும். குட்டையன் தன் அம்மாவிடம் சொல்லும்போது நான் என் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் சரியாக இருந்தால், "நானும் அப்படித்தாம்மா." முகம் சரியில்லை என்றால், "காபி போடவா?" (முப்பது வயது ஆண்பிள்ளையின் வீரத்தைப் பாருங்கள்.)

நாடகத்துக்குத் தமிழ் டப்பிங் இருந்தது. குட்டையன் 'என் காதலன்' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'என் உயிர்த்தோழன்' என்றான். மூன்று வருஷம் என் வீட்டில் நானே ஓட்டிய டப்பிங் அது, குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அம்மாவுக்குப் பிடித்துப்போனது. சாயங்காலம் சீரியல் முடிந்ததும், "உன் ரொட்டிக்கடையைப் போடு" என்பாள். ஒரு நாளைக்கு ஒன்றுதான். இன்னொன்று பார்க்கலாம் என்றால், "இன்னைக்கே எல்லாத்தையும் பாத்துட்டு நாளைக்கு என்ன பண்றது?" என்பாள். "மாவை இப்படியா பிசைவாங்க, கையில வலுவே இல்லையே" என்று நெட்டையனைத் திட்டுவாள். ஆதம்பாக்கம் அத்தை, வேளச்சேரி சித்தி, சிந்தாதிரிப்பேட்டை மாமா எல்லோருக்கும் போன் போட்டு, பார்க்கச் சொன்னாள். அவர்களுக்கும் போன் ரீசார்ஜோடு அந்த ஆப் இலவசமாக வந்திருந்தது. குடும்பமே ரொட்டிக்கடையில் குடியேறியது. நான் பூரித்துப் போனேன்.

அப்போதுதான் ரசிகர்கள் குழுவில் அபாயச் சங்கு ஊதினார்கள். நிறையப் பேர் முடிக்கவில்லையாம், இந்த மாசத்துக்குள் கடைசி வரை பார்க்காவிட்டால் இரண்டாவது சீசன் கிடையாதாம். பயந்துபோய் அன்றிரவே நான் மட்டும் எட்டாவதான கடைசி எபிசோடைத் தனியாகப் பார்த்துவிட்டேன். குட்டையன் அம்மா வீட்டு மணியை அடிக்கிறான், கதவு திறக்கிறது, திரை இருட்டாகிறது. சொல்வது இரண்டாவது சீசனில்தான். அதாவது என் வாழ்க்கையே இரண்டாவது சீசனில்தான் இருந்தது.

வீட்டில் அம்மா ஏழாவது எபிசோடோடு நின்றிருந்தாள். கேட்டால் தலைவலி, கேட்டால் பிரதோஷம். சித்திக்குப் போன் செய்தேன்.

"ரொட்டிக்கடை முடிச்சாச்சா சித்தி?"

"அருமையா போகுதுடா!"

"முடிச்சாச்சா?"

"அது கிடக்கட்டும், நீ நிச்சயதார்த்தத்துக்குக் காலையிலேயே வந்துடு" என்று வைத்துவிட்டாள். அத்தை பேச்சை என் ஜாதகத்துக்கு மாற்றினாள். மாமா லைன் சரியில்லை என்றார். எல்லோரும் ஏழாவதிலேயே நின்றார்கள். எனக்கு மண்டை காய்ந்தது.

சித்தி பெண் வித்யாவின் நிச்சயதார்த்தம் தி.நகரில் ஒரு ஹாலில். அங்கேதான் என் மூளை வேலை செய்தது. (வேலை செய்திருக்கவே கூடாது.) விசேஷ வீட்டில் "போனைக் குடுங்க, போட்டோ எடுத்துத் தர்றேன்" என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள், பூட்டையும் திறந்து கொடுப்பார்கள். அத்தை, சித்தி, மாமா, அம்மா எல்லோருடைய போனையும் வசூல் செய்துகொண்டு சாப்பாட்டு ஹாலுக்குப் போனேன். ஒரு மூலை மேஜையில் தண்ணீர் பாட்டில்களுக்கு முட்டுக்கொடுத்து வரிசையாக நிற்க வைத்தேன். எல்லாவற்றிலும் கடைசி எபிசோடைப் போட்டுச் சத்தத்தை அடைத்தேன். இலை போட வந்தவர் பார்த்துவிட்டு, "என்ன சார், மேட்ச்சா?" என்றார். ஆமாம் என்றேன். பெருமையாக இருந்தது. ஒரே போடில் நாலு பேர் முடித்த மாதிரி ஆகிவிடுமே!

மாமாவின் போனை, காலையிலிருந்தே மேடைக்குப் பின்னால் இருந்த பெரிய டிவியோடு வயரில்லாமல் இணைத்து வைத்திருந்தார்கள். வித்யாவும் மாப்பிள்ளையும் பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் போட்டோக்கள் அதில் ஓடிக்கொண்டிருந்தன. இது எனக்குத் தெரியாது.

மேளம் பாதியில் நின்றது எனக்குக் கேட்டது. ஏதோ கெட்டுவிட்டது என்று ஓடினேன். மேடையில் புரோகிதர் லக்ன பத்திரிகையைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். அவர் தலைக்கு மேலே, கதவகலத் திரையில், முகமெல்லாம் மாவோடு நெட்டையனும் குட்டையனும் நெற்றியோடு நெற்றியை முட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார்கள். ஹாலே நிமிர்ந்து பார்க்கிறது. செத்தோம் என்று நினைத்தேன். ரகு, புனேயில் எனக்கு ஒரு இடம் பிடித்து வை என்றும் நினைத்தேன்.

அத்தை எழுந்தாள். "ஐயையோ, கடைசி எபிசோடு! யாரும் பாக்காதீங்க! கண்ணை மூடிக்கோங்க!"

எங்கள் பக்கத்து நாற்காலிகளில் அத்தனை பேரும் பட்டென்று கண்ணை மூடினார்கள். சித்தி பட்டுப்புடவைத் தலைப்பால் முகத்தையே மூடிக்கொண்டாள். மாமா மட்டும் மூடிய கண்ணோடு கத்தினார்: "டேய், இன்னாடா பண்ணிக்கினு கீற நீ? என் போன் எங்கடா?"

மாப்பிள்ளையின் அப்பா மிரண்டுபோய்ச் சித்தியைப் பார்த்தார். "என்னங்க சம்பந்தி, இது உங்க வீட்டுப் பழக்கமா?"

சித்தி தலைப்புக்குள்ளிருந்தே சமாளித்தாள். "ஆமாங்க. பத்திரிகை வாசிக்கறப்போ நாங்க கண்ணைத் திறக்க மாட்டோம்."

அவ்வளவுதான், சம்பிரதாயத்தில் தாங்கள் ஒரு படி குறைந்துவிடக் கூடாதென்று மாப்பிள்ளை வீட்டாரும் மொத்தமாகக் கண்ணை மூடினார்கள். புரோகிதர் ஒரு கண்ணால் பத்திரிகையையும் இன்னொரு கண்ணால் பேக்கரியையும் பார்த்தபடி வாசித்து முடித்தார். நான் டிவியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

"பாக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?" என்று பந்தியில் அத்தையைப் பிடித்தேன்.

"உங்கம்மாதான்டா. கடைசியைப் பாத்தா கதை முடிஞ்சு போயிடும், அப்படியே வச்சிருங்கன்னா. நல்லாத்தானே சொன்னா?"

அம்மா இலையைப் பார்த்துக் குனிந்து, பாயசத்தில் முந்திரி தேடிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் வரும்போது கத்தினேன். "நீங்க யாரும் பார்க்காததாலதாம்மா அது முடியப்போகுது!"

"என்னடா உளர்றே? பாக்காம வச்சிருக்கறது எப்படி முடியும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "அம்மா சொல்றது கரெக்டுதானே சார்" என்றார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செய்தி வந்துவிட்டது. ரத்து. வழக்கம்போல ஒற்றை வரி, 'அனைவருக்கும் நன்றி'. எனக்குக் குழாயைத் திறக்கக்கூடத் தோன்றவில்லை. ஹாலிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா அடுக்களையிலிருந்து பதறி வந்தாள்.

"யாரு போயிட்டாங்க?"

"ரொட்டிக்கடை போயிடுச்சும்மா."

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். "போடு, அந்தக் கடைசியை."

இருவரும் பார்த்தோம். குட்டையன் தெருவில் நடந்தான். மணியை அடித்தான். கதவு திறந்தது. இருட்டு.

"கரண்ட் போயிடுச்சா?"

"இல்லம்மா. அவ்வளவுதான்."

"அவனோட அம்மா என்ன சொன்னா?"

"தெரியாது. இனிமே யாருக்குமே தெரியாது."

அம்மா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருட்டுத் திரையையே பார்த்தாள். "இதுல அவன் சொல்லிடுவான்னு நெனச்சேன்டா. அதான் பாக்கலை."

"ஏன்மா?"

"அவன் சொன்னதும் நீ என் மூஞ்சியப் பாப்பே. தினம் டிவியப் பாக்காம என் மூஞ்சியத்தானே பாத்துட்டு இருந்தே? மூஞ்சிய எப்படி வச்சுக்கறதுன்னு எனக்குத் தெரியலை. கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன்."

அவளே தொடர்ந்தாள்.

"உயிர்த்தோழனாம் உயிர்த்தோழன். எனக்குத் தெரியாதா? தோழன் வேற ஊருக்குப் போனதுக்கு யாராவது ஆறு மாசம் சோறு இறங்காம கிடப்பாங்களா?"

நாடகத்தில் நெட்டையன் எந்த ஊருக்கும் போகவில்லை. அது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுது சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக இருந்தது. இதற்குப் பயந்தா ரகுவைப் படிக்கட்டோடு அனுப்பினேன்!

"அவனோட அம்மா என்னம்மா சொல்லியிருப்பா?" என்று கேட்டேன்.

அம்மா யோசித்தாள். "கதவைத் திறந்ததும் முதல்ல அவன் பின்னாடி எட்டிப் பாப்பா. 'தனியாவா வந்தே? அவனைக் கூட்டிட்டு வரலையா?'ம்பா. வேறென்ன சொல்லுவா?"

"அவன் வரமாட்டான்மா. ரொம்ப லேட்டாயிடுச்சு."

"உன்கிட்டயா கேட்டேன்? நாடகத்தைச் சொன்னேன்" என்று எழுந்து போய்விட்டாள். அடுக்களையில் குழாய் ரொம்ப நேரம் திறந்திருந்தது.

நிச்சயதார்த்தக் கூத்துக்கு விளைவு இல்லாமல் போகவில்லை. வித்யாவின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா, முகூர்த்தத்துக்கு முன்னால் தன் ஆட்களிடம், "இவங்க வீட்டுல வாசிக்கறப்போ கண்ணை மூடிக்கணும், மறந்துடாதீங்க" என்று ஞாபகப்படுத்தினாள். எங்களுக்கு வேறு வழியில்லை. இன்று வரை எங்கள் வீட்டு விசேஷங்களில் எது வாசித்தாலும் எல்லோரும் கண்ணை மூடுகிறார்கள். மாமா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என்னைத் தேடுவார். "இன்னா, ரொட்டிக்கடை ஓட்டலியா?"

வீட்டிலும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து மணி அடிக்கிறேன். அம்மா கதவைத் திறந்து என் தோளுக்கு மேலாகப் படிக்கட்டை எட்டிப் பார்க்கிறாள்.

"தனியாவா வந்தே?"

"தனியாத்தான்மா."

"சரி வா, அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்" என்பாள், சிரித்தபடி. நானும் சிரிப்பேன். கதவைச் சாத்துவதற்கு முன்னால் இன்னொரு தடவை படிக்கட்டைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன்.