பத்தூரினுக்கு இரண்டு நிமிடம்

பூவரசடி மக்கள் ஒன்றியம் – கனடா, தன் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தொன்மையைக் கொண்டாடுவதென ஏகமனதாகத் தீர்மானித்தது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்து ஊர் ஒன்றியம் போன மாதம் கொண்டாடிவிட்டது.

தொன்மை என்றால் தோண்டின ஆள் வேண்டுமே! ஸ்காபரோ முழுக்கத் துழாவியதில் அகப்பட்டது எமில்டா ஒருத்திதான். அவள் தோண்டியதோ உக்ரேனில், கொசாக்குகள் என்ற குதிரை வீரர்களின் பழைய தலைநகரான பத்தூரினில்.

"கொசாக் எண்டா எங்கட ஆக்களோ?" என்று கேட்டார் தலைவர் தியாகலிங்கம்.

"இல்லை அங்கிள்."

"பரவாயில்லை. ஆருடைய எண்டாலும் தலைநகர் தலைநகர்தானே. நாற்பது நிமிசம் தாறம்."

எமில்டா சம்மதித்தது அப்பா அருள்நாயகத்துக்காக. மகள் என்ன வேலை என்று யாரும் கேட்டால் மனுசன், "மண் சம்பந்தமா ஏதோ செய்யிறாள்" என்று கதையை மாற்றிவிடுவார். கேட்டவர்கள் தோட்டவேலை என்று நினைத்து, புல்லு வெட்ட வருவாளோ என்று விசாரிப்பார்கள். ஒருக்காலாவது அப்பா முன்வரிசையில் இருந்து முழுசாகக் கேட்கவேணும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஐந்து மணி விழா, உரிய நேரமான ஏழு மணிக்கு ஆரம்பமானது. மண்டபத்துக்குள் நெருப்புக் கொளுத்தக்கூடாது என்பது கட்டடச் சட்டம். ஆகவே பற்றரிக் குத்துவிளக்கு. பிரமுகர் ஒருவர் பற்றாத மெழுகுதிரியைத் திரியில் தொடுவார், தியாகலிங்கம் பின்னால் நின்று றிமோட்டை அமத்துவார், சபை கைதட்டும். விளக்குக்கு முகம் ஐந்து, பிரமுகர்களோ பதினொருவர். ஐந்து பேர் ஏற்றி முடிய விளக்கை அணைத்துவிட்டு அடுத்த ஐந்து பேரைக் கூப்பிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. இது பண்பாடு.

பதினோராவது ஆள் முன்னாள் தலைவர் குலசிங்கம். அவர் மெழுகுதிரியை நீட்ட, பற்றரி செத்துப்போனது.

"வேணுமெண்டே அமத்தாமல் விட்டிட்டீர்!"

"ஐயோ அண்ணை, அமத்தினனான். பத்தேல்லை."

"நான் தலைவரா இருக்கேக்கை எரிஞ்ச விளக்கு உது!"

பிறகு வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை. எமில்டாவின் முறை வந்தபோது தியாகலிங்கம் காதுக்குள் சொன்னார்: "பிள்ளை, சனத்துக்குச் சாப்பிடப் பொரிச்ச ரோல்ஸ் ஆறுது. ரண்டு நிமிசத்திலை முடியுங்கோ."

அவளுக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் அப்பா முன்வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். மூச்சுவிடாமல் தொடங்கினாள்.

"பெரிய கோட்டை, அரண்மனை, பூப்போட்ட ஓடு பதிச்ச அடுப்புகள். தோண்டிக்கொண்டு போனா ஒரே சாம்பல். 1708இலை ரஷ்யப் படை வந்து எரிச்சது. மதில் பலமாத்தான் இருந்ததாம். உள்ளாள் ஒருத்தன் களவு வழியைக் காட்டிக் குடுத்தான் எண்டு ஒரு கதை..."

"ஆரைச் சொல்லுறாய்?" குலசிங்கம் எழும்பிவிட்டார்.

"பிள்ளை பொதுவாச் சொல்லுது. உங்களுக்கேன் சுடுது?" என்றார் தியாகலிங்கம்.

அதோடு சரி. ரோல்ஸ் ஆறமுதல் ஒன்றியம் இரண்டானது. ஒரு தரப்பு பதாகையைக் கழற்றிக்கொண்டு போக, மற்றத் தரப்பு ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு போனது.

வெறும் மண்டபத்தில் எமில்டா பழக்கதோசத்தில் நிலத்தைப் பார்த்தாள். அடியில் பூவிதழ், அதன்மேல் நிகழ்ச்சிநிரல், அதன்மேல் ரோல்ஸ் தூள், எல்லாவற்றுக்கும் மேலே செத்த பற்றரி. எதிரிப் படை வந்த தடயம் மட்டும் இல்லை.

அப்பா மட்டும் எழும்பவேயில்லை. "இப்ப ஆறுதலாச் சொல்லு பிள்ளை" என்றார்.

அவள் கணினியில் படங்களைக் காட்டி முதலிலிருந்து சொன்னாள். சாம்பல் படம் வந்ததும் அவர் கேட்டார்: "எரிஞ்ச பிறகு சனம் திரும்பிக் கட்டினதோ?"

"ஓம் அப்பா. ஆனா நாற்பது வருசத்துக்கு மேலை எடுத்தது."

அவளுடைய வேலையைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வி. எமில்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது பார்த்து அவருடைய போன் அடித்தது.

"ஓம்... ஏகமனதாகவோ?" அப்பா எழும்பிக் கோட்டுக்குப் பொத்தான் பூட்டினார். "எங்கடையாக்களுக்கு நாற்பது வருசம் தேவையில்லை பிள்ளை. ரண்டு பக்கமும் சேராத ஆக்கள் கார் நிப்பாட்டுற இடத்திலை மூண்டாவது ஒன்றியம் தொடங்கிப்போட்டினம். நான்தான் தலைவர். முதல் விழா தொல்லியல் விழா, நீதான் பேச்சாளர்."

"எவ்வளவு நேரம் அப்பா?"

அப்பா தொண்டையைச் செருமினார். "நிர்வாகம் கூடித் தீர்மானிக்கும். ரண்டு நிமிசமாவது கிடைக்கும்."

எமில்டா கணினியை மூடினாள்.

"சரி" என்றாள். "விளக்குக் கொளுத்த என்னை எத்தினையாவதாக் கூப்பிடுவியள்?"