ருசி பார்க்காத பாஸ்தா

சமைக்கத் தெரியும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பொய் சொல்லியிருக்கிறேன். அதையும் போயும் போயும் வருங்கால மாமியாரிடம் சொன்னேன்.

ஜெர்மனியில், கொலோனில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அன்னாவும் நானும் கல்யாணம் செய்வதென்று முடிவெடுத்திருந்தோம். அவளுடைய பெற்றோருக்கு இன்னும் சொல்லவில்லை. "சமைக்கத் தெரியாத ஆம்பிளையை அம்மா மதிக்கமாட்டார்," என்று அன்னா எச்சரித்திருந்தாள். நன்றாகச் சமைப்பேன் என்று அளந்துவிட்டு, அவளுடைய அம்மா உர்சுலாவின் அடுப்பிலேயே பாஸ்தாவும் அரைத்த மாட்டிறைச்சியும் சமைத்து அசத்திவிட்டு, சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொல்வது என்று திட்டம் போட்டேன். (மூளை அவ்வளவுதான்.)

வெங்காயமும் இறைச்சியும் வதங்கும்போதுதான் அன்று வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது. வெள்ளியில் மீன், இறைச்சி என்று மச்சம் எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருந்தேன். மற்ற ஆறு நாளும் ஊர்வன பறப்பன எதையும் விட்டுவைப்பதில்லை என்பது வேறு கதை. போதாக்குறைக்கு, இறைச்சிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்பதும் மறந்துபோயிற்று. குளியலறைக்குள் ஒளிந்து நின்று டுசல்டோர்ஃபில் இருக்கும் அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"வாயிலை வைச்சுப் பாரன்."

"ஏலாது அக்கா, இண்டைக்கு வெள்ளி."

"அப்ப மணந்து பார். உப்புக் காணாட்டி மணத்திலை தெரியும்."

நம்பினேன். மணந்தேன். காணாது போலிருந்தது. ஒரு பிடி போட்டேன். சந்தேகத்துக்கு இன்னொரு பிடியும் போட்டேன்.

அன்னாவின் அப்பா ஒரு வாய் வைத்தார். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு அன்னாவின் கிளாசையும் எடுத்தார். அன்னா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தட்டில் வெறும் பேக்கரிப் பாண் துண்டு இருந்ததை உர்சுலா கவனித்துவிட்டார்.

"நீ ருசி பார்க்கவில்லையா?" என்று டொச் மொழியில் கேட்டார்.

"இல்லை. வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டேன். அம்மாவுக்குச் சத்தியம்."

"தொட்டால் அம்மாவுக்குத் தெரியவருமா?"

"வராது."

 உர்சுலா சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார். கல்யாணம் அந்தச் சட்டியோடு போகிறது என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன்.

அங்கே நடந்ததை இன்றைக்கும் வாய் பிளந்துதான் சொல்வேன். உப்பில்லாமல் இன்னொரு பக்கற் பாஸ்தா அவிந்தது. தகரத்திலிருந்த தக்காளி விழுந்தது. உறைந்த பட்டாணி, நேற்றைய உருளைக்கிழங்கு, கிறீம் என்று கைக்கு எட்டியதெல்லாம் உள்ளே போயிற்று. ஒரு சட்டி இரண்டாகி, கடைசியில் ஜாம் காய்ச்சும் பெரிய பானைக்கு மாறியது. அளவில்லை, பதற்றமில்லை. கோயிலில் நிற்பதுபோல் கைகட்டி நின்றேன். இப்படியும் ஒரு மனுசி இருப்பாரா என்றிருந்தது.

கரண்டியை என் வாய்க்கு நீட்டியவர், நினைவு வந்து, தன் வாயில் வைத்துக்கொண்டார். "இன்றைக்கு உனக்காக நான் பார்க்கிறேன்."

 "நாங்கள் கல்யாணம் செய்யப்போகிறோம்," என்று உளறிவிட்டேன்.

"தெரியும். கரட்டைத் துருவு."

மேல்மாடி, கீழ்மாடிக்காரர்களும் வந்து சாப்பிட்டும் அது மூன்று நாள் தீரவில்லை.

கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன. அம்மாவும் இப்போது எங்களோடுதான். வெள்ளி விரதத்தில் ருசி பார்க்காமல் சாம்பார் வைக்கும்போது, உர்சுலாவை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கரண்டியை நீட்டுகிறார்: "சம்பந்தி, உப்புக் காணுமோ பாருங்கோ." உர்சுலாவுக்கு எங்கள் வீட்டில் 'வெள்ளிக்கிழமை நாக்கு' என்று பெயர். தமிழ்க் கல்யாணங்களில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட அவர் தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொள்கிறார், அதுவும் தமிழில்.