பின்னறைக்கு ஒரு தேசியக் கொள்கை

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். நாட்டின் செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை எழுதுகிற குழுவில் ஒருவன் நான். ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகவேண்டும், அரசாங்கம் யாருக்குக் கை கொடுக்கவேண்டும் என்றெல்லாம் சொல்கிற இடத்தில் இருக்கிறேன். அப்பேர்ப்பட்டவனுக்குச் சொந்த வீட்டில் ஒரு பின்னறை கிடையாது என்றால் அது அக்கிரமமா, இல்லையா?

அறை என்னவோ இருக்கிறது. ஒரு மேஜை, ஒரு சாய்வு நாற்காலி, ஜன்னல் வழியாக நல்ல காற்று. அங்கே உட்கார்ந்துதான் நான் யோசிப்பேன். யோசிக்கும்போது கண் மூடியிருக்கும். ஆழமாக யோசித்தால் வாய் திறந்திருக்கும். என் மனைவி இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள்.

அவள் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். திக்குகிற குழந்தை, 'ர' வராத குழந்தை, ஆளைக் கண்டாலே வாய் திறக்காத குழந்தை எல்லாம் சாயங்காலம் எங்கள் கூடத்துக்கு வரும். கூடத்துக்கு ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் தெரு. ஒரு பாப்பா கஷ்டப்பட்டு வாயைத் திறந்து "ர்... ர்..." என்று ஆரம்பிக்கும். குக்கர் முந்திக்கொண்டு விசிலடிக்கும். பாப்பா வாயை மூடிக்கொண்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அன்றைய வகுப்பு அவ்வளவுதான்.

"என்னங்க, அந்தப் பின்னறையைக் குடுங்களேன். கதவைச் சாத்தினா ஒரு சத்தம் வராது."

"அப்ப நான் எங்க போறது?"

"கூடத்துல உக்காருங்க."

"குக்கர் சத்தத்துல உக்காந்து கொள்கை எழுத முடியுமா?"

"அந்தச் சத்தத்துல குழந்தை மட்டும் பேசிடணுமா?"

பார்த்தீர்களா? கேள்விக்குப் பதில் சொல்லமாட்டாள். திருப்பிக் கேட்பாள். எனக்கு வந்ததே கோபம்! இந்த வீட்டில் பேசிப் பிரயோசனமில்லை, விஷயத்தைத் தேசிய அளவுக்குக் கொண்டுபோகவேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

வரைவில் 'அரசு ஆதரவு' என்ற அத்தியாயம் என் பொறுப்பு. பல்கலைக்கழகங்களுக்கு ராட்சசக் கணினி, பெரிய நிறுவனங்களுக்கு வரிச்சலுகை என்று எழுதி முடித்திருந்தேன். இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு பிரிவைச் செருகினேன். வீட்டிலிருந்தே ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கும் அரசு உதவும். அரசின் பெரிய கணினியில் அவர்களுக்கு நேரம் ஒதுக்கப்படும். வீட்டில் ஓர் அறை ஆராய்ச்சி அறையாக அங்கீகரிக்கப்படும். அந்த அறையை வேறு எதற்காகவும் வீட்டார் கேட்கக்கூடாது.

கடைசி வாக்கியத்தை எழுதும்போது எனக்குப் புல்லரித்தது. கொள்கை வரட்டும், முதல் விண்ணப்பம் என்னுடையது. கதவில் அரசாங்கப் பலகை தொங்கும். அப்புறம் யார் கேட்பார்கள் என்று பார்க்கிறேன்!

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பிரிவை வாசித்துக் காட்டினேன். வயிறெரியட்டும் என்றுதான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா சத்தத்தைப் பத்தி ஒண்ணும் காணோமே?"

"என்ன சத்தம்?"

"உள்ள ஆராய்ச்சி நடக்கறப்ப வெளிய டிவி ஓடலாமா?"

"கூடாது! ஓடவே கூடாது!"

"அதைப் போடுங்க. அப்புறம் டீ?"

"டீக்கு என்ன?"

"ஆராய்ச்சி பண்றவங்களே எழுந்துபோய்ப் போட்டுக்கணுமா? பாவம் இல்ல?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவளையா இத்தனை நாள் தப்பாக நினைத்தோம் என்று தோன்றியது.

"'வீட்டார் எல்லா வகையிலும் ஒத்துழைக்க வேண்டும்'னு பொதுவா போட்டுடுங்க," என்றாள். "டீ அதுல அடங்கிடும்."

போட்டேன். என் கையாலேயே போட்டேன்.

வரைவு பொதுமக்கள் கருத்துக்காக வெளியானது. எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எந்தக் கருத்து வந்தாலும் அந்தந்த அத்தியாயத்துக்காரர் பதில் எழுதியே ஆகவேண்டும். ஏற்றால் ஏற்றோம் என்று, மறுத்தால் காரணத்தோடு. என் பிரிவுக்கு வந்த ஒரு கருத்தை இயக்குநர் கூட்டத்தில் உரக்கப் படித்தார்.

"'கொள்கையை எழுதிய அதிகாரிகளே இந்த ஆதரவை எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்படிக்கு, ஒரு குடிமகள்.' என்ன சொல்றீங்க?"

மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. ஐயோ, நான் எடுத்துக்கொள்ளத்தானே எழுதினேன் என்று சொல்ல முடியுமா?

"அருமையான கருத்து, சார்," என்றேன். அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்துவிட்டேன். "எவளோ வேலைவெட்டி இல்லாதவ! ஊர்ல எவ்வளவு அநியாயம் நடக்குது, அதையெல்லாம் விட்டுட்டு என் பிரிவுல வந்து மூக்கை நுழைக்கறா!"

"யாரோ விவரமானவங்க போலிருக்கு," என்று சொல்லி அவள் எனக்கு இரண்டாவது டீ கொடுத்தாள். "போகட்டும் விடுங்க. ரொம்பக் கத்தினா தொண்டை கட்டிக்கும்."

சரி, பலகைதானே போயிற்று, அறை நம்மிடம்தானே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். திட்டம் தொடங்கியது. விண்ணப்பங்களைப் பார்க்க வெளியாட்களைக் கொண்டு தனிக் குழு போட்டார்கள். ஒருநாள் இயக்குநர் முகமெல்லாம் சிரிப்பாக என்னைக் கூப்பிட்டார்.

"உங்க பிரிவுல முதல் வீடு தேர்வாயிடுச்சு! இதுவரைக்கும் தெளிவாப் பேசறவங்க பேச்சுதான் மெஷினுக்குப் புரியுது. திக்கித் திணறிப் பேசற குழந்தைங்களோட பேச்சையும் அதுக்குப் புரியவைக்கப் போறாங்க. பல்கலைக்கழகமும் கூடச் சேருது. இதுக்காகவே நீங்க அந்தப் பிரிவை எழுதின மாதிரி இருக்கு!"

பெருமை தாங்கவில்லை எனக்கு. "யாரு சார் அந்தப் புண்ணியவான்?"

"புண்ணியவதி," என்று முகவரியைக் காட்டினார்.

கதவு எண் என்னுடையது. தெரு என்னுடையது. என் முகத்தில் ஈயாடவில்லை.

"சார்! இது என் வீடு! இது என் மனைவி! இது அநியாயம் சார்!"

"அவங்களே முதல்ல சொல்லிட்டாங்களே. 'என் கணவர் அங்கேதான் வேலை செய்கிறார், இந்த முயற்சியில் அவர் எனக்கு எந்த உதவியும் செய்ததில்லை'ன்னு. உண்மைதானே?"

உண்மைதான்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் பாய்ந்தேன். "அந்தக் குடிமகள் நீதானா?"

"ஏன், நான் குடிமகள் இல்லையா?"

"என்கிட்ட நேர்ல சொல்றதுக்கு என்ன?"

மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "மூணு வருஷமா நேர்லதான் கேட்டேன். ஒருநாளாவது சரின்னு சொன்னீங்களா, முடியாதுன்னு காரணம் சொன்னீங்களா? ஆபீசுக்கு எழுதினேன். உடனே பதில் வந்துச்சு. 'அருமையான கருத்து'ன்னு. உங்க கையெழுத்தோட."

நான் கோபமாகத்தான் நின்றிருந்தேன். ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சாய்வு நாற்காலி கூடத்துக்கு வந்தது. பின்னறைச் சுவரில் சத்தம் புகாமல் மெத்தை அடித்தார்கள். மைக் வைத்தார்கள். சாயங்காலமானால் டிவி கிடையாது. உள்ளே இருந்து மணியடித்தால் நான் டீ போடவேண்டும். ஏன் என்று கேட்டால் பிரிவைக் காட்டுகிறாள். என் பிரிவை!

நேற்று இயக்குநர் பார்வையிட வந்தார். 'ர' வராத பாப்பா உள்ளே மைக்குக்கு முன்னால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, பேசமாட்டேங்குதே?"

"மெஷினைப் பார்த்து எந்தக் குழந்தை சார் பேசும்? எதிர்ல ஒரு மனுஷர் வேணும். குறுக்க பேசக்கூடாது. திருத்தக்கூடாது. அவசரப்படுத்தக்கூடாது. அது என்ன சொன்னாலும் 'ம்' மட்டும் சொல்லணும். அப்படி ஒரு ஆள் கிடைக்கறது கஷ்டம்."

இரண்டு பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"சார், நான் கொள்கை வகுக்கறவன்!" என்று அலறினேன்.

"எல்லா வகையிலும் ஒத்துழைக்கணும்னு நீங்கதானே எழுதினீங்க," என்றார் இயக்குநர். பிறகு அவளிடம் கொஞ்சம் சந்தேகமாகக் கேட்டார். "இவருக்கு இது வருமா? அனுபவம் ஏதாவது உண்டா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து நான் என்ன சொன்னாலும் இவர் அது ஒண்ணைத்தான் சார் சொல்லிட்டிருக்கார்."

இதை இப்படியே விடக்கூடாது, இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடவேண்டும் என்று நிமிர்ந்து நின்றேன். பாப்பா நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன நினைத்ததோ, வாயைத் திறந்து, "மாமா, எங்க வீட்டு முயல் இருக்குல்ல..." என்று ஆரம்பித்தது.

"ம்," என்றேன்.