ரோமாபுரித் துரை ஓதிய வலை

எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு ரோமாபுரிப் படைத்தலைவனுக்காகக் கஞ்சி குடிக்காமல் கிடந்த மனுஷர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பழவேற்காட்டில் இருந்தார். ஒல்லாந்தர் கோட்டையில் எழுத்து வேலை. சொந்தப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. ரோமாபுரித் துரை என்றோம்.

வேலை முடிந்ததும் கடற்கரைக்கு வந்து, என் கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து ரோமாபுரிச் சரித்திரத்தை லத்தீனில் உரக்கப் படிப்பார். ஒரு வார்த்தை பிடிபடாவிட்டால் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்துகொண்டே யோசிப்பார். "ஒங்க பாஷையில எழுதினத படிக்கக் கூடாதா தொரை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அடுத்தவன் மென்னு குடுத்த மீனை நீ துன்னுவியா?" என்றார். தமிழ் எங்களிடம் கற்றது, அதனால் அப்படித்தான் வரும்.

ஒருமுறை அவர் படிக்கும்போது பக்கத்தில் காய்ந்த வலையில் மறுநாள் மீன் அள்ளிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான்! மந்திரம் என்று குப்பமே முடிவு கட்டிவிட்டது. புது வலை என்றால் மஞ்சள், தேங்காய், கற்பூரம், அப்புறம் துரை. கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

என் புது வலைக்கும் ஓதினார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே!

"இப்ப படிச்சது இன்னா தொரை?"

"புயல்ல ரோமாபுரிக் கப்பல் அத்தினியும் முழுவிப் போச்சு. ஆகா, இன்னா எழுத்து!"

"அடப்பாவி! போன வாரம் படிச்சது?"

"அது கடல் சண்டை. அல்லாரும் செத்துட்டாங்க."

என் பெண்சாதி செல்லி இடுப்பில் கை வைத்து வந்து நின்றாள். "இன்னா தொரை, அந்தப் பொஸ்தவத்துல ஒருத்தனாச்சும் மீன் புடிக்கப் போயி, பத்திரமா வூடு வந்து சேந்தானா இல்லியா?"

துரைக்கு முகம் மாறிவிட்டது. மூன்று நாள் பக்கம் பக்கமாகத் தேடினார். நாலாம் நாள் தலை குனிந்து வந்தார். "வந்திருப்பாங்கம்மா. யாரும் எழுதல."

வயிறு காத்திருக்குமா? வலையை ஏற்றிக்கொண்டு நானும் மச்சானும் போனோம். மத்தியானம் பிடித்த காற்று எங்களை இரண்டு நாள் கரையே தெரியாமல் அலைக்கழித்தது. அந்தப் பாழாய்ப்போன புத்தகத்தையும் அவரையும் நான் திட்டாத திட்டில்லை. மூன்றாம் நாள் முகத்துவாரத்தில் நுழைந்தால், கழுத்தளவுத் தண்ணீரில் துரை நிற்கிறார், தலைமேல் புத்தகம்! கரையில் செல்லி அழுதுகொண்டிருந்தாள்.

கரையில் கால் வைப்பதற்குள் பிடித்துக்கொண்டார். "எந்தக் காத்து? எப்போ திரும்பிச்சு? வலை இன்னாச்சு?"

"வலை பூடுச்சு. மொதல்ல தண்ணி குடு தொரை!"

கொடுத்துவிட்டு, மணலில் உட்கார்ந்து, கப்பல்கள் முழுகிய பக்கத்தின் ஓரத்தில் என்னவோ எழுதினார். லத்தீனில் படித்துக் காட்டினார். நடுவில் என் பெயர் கேட்டது.

"இன்னா தொரை அது?"

"மாரி கடலுக்குப் போனான். வூட்டுக்கு வந்துட்டான்."

செல்லி அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

பிறகு ஒருநாள் அவரும் புத்தகத்தோடு தன் ஊருக்குக் கப்பல் ஏறினார். அலை தாண்டிக் கொண்டுபோய் விட்டவன் நான்தான். ஊரில் பத்திரமாக இறங்கினாரா என்று இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. இறங்கியிருப்பார். வீடு வந்து சேர்ந்தவர்களைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லையே.