துண்டுக்காரரும் எம்.ஆர்.ஐ. மெஷினும்

உலகத்திலேயே வாயைத் திறக்காமல் அதிகம் பேசியவர் வேலந்தாவளம் துண்டுக்காரர்தான். இல்லை என்பவர்கள் அவர் மூலமாக ஒரு மாடு வாங்கிப் பார்த்ததில்லை.

கேரள எல்லையில் இருக்கும் அந்த ஊர் பால் சொசைட்டியில் நான் வேலை பார்த்த காலத்தில் அவர் எனக்குப் பக்கத்து வீடு. தொழில் மாட்டுத் தரகு. சந்தையில் தரகர்கள் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. கைகளின்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துத்தான் பேரம். மற்றவர்கள் சந்தை முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாதாரண மனிதர்களாகிவிடுவார்கள். இவர் மட்டும் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். மகள் வளைகாப்புக்கு எத்தனை இலை என்று சமையல்காரரிடம் துண்டுக்குள்ளேயே மூன்று விரலைப் பிடித்துச் சொன்னார். இவர் நினைத்தது முந்நூறு. அந்த மனுஷன் முப்பது பேருக்குச் சமைத்து வைத்தான். நான் ஊறுகாயைத் தொட்டு நக்கிவிட்டு எழுந்தேன்.

அப்பேர்ப்பட்டவருக்கு, வெளியே சொல்ல முடியாத இடத்தில் வியாதி வந்தது.

"சார், பாலக்காட்டுக்கு ஒரு எட்டு கூட வாங்க. ஊட்டுல மட்டும் சொல்லிராதீங்க" என்றார்.

"ராத்திரி எத்தனை தடவை யூரின் போக எழுந்திருக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார். இவர் இடமும் வலமும் பார்த்தார். சட்டென்று டாக்டர் கைமேல் துண்டைப் போட்டு ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

"அஞ்சு தடவையா?" என்று டாக்டர் சத்தமாகக் கேட்டுவிட்டார்.

"மெதுவாப் பேசுங்க டாக்டர், நர்சம்மா நிக்கறாங்கல்லங்க!"

ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அதிகம் என்று வந்தது. ப்ராஸ்டேட் சுரப்பியில் கேன்சர் இருக்கலாம் என்று சந்தேகம். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. இவர் குஷியில் எனக்கு டீக்கடையில் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கிக் கொடுத்தார். பி.எஸ்.ஏ. இன்னும் ஏறியது. மறுபடி ஊசி, மறுபடி ஒன்றுமில்லை, மறுபடி பழம்பொரி. பி.எஸ்.ஏ. மட்டும் இறங்குவதாக இல்லை.

டாக்டர் என்னிடம் சொன்னார்: "எங்கேயோ ஒளிஞ்சிட்டிருக்கு. ஊசி பின்பக்கமாப் போகுது. கட்டி முன்பக்கத்துல இருந்தா சிக்காமப் போயிடும். எம்.ஆர்.ஐ. எடுத்தா எங்கே இருக்குன்னு தெரியும்."

திரும்பும்போது பஸ்ஸில், எலப்புள்ளி தாண்டும்வரை துண்டுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். விரல்கள் எந்த விலையும் சொல்லவில்லை.

ஸ்கேன் அன்று வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினார். வேட்டி சட்டையை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். துண்டையும் கேட்டபோதுதான் மனிதருக்கு முகம் வெளுத்தது. டெக்னீஷியன் பையன் அவர் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "ஆடாமப் படுங்க. முடியலேன்னா மட்டும் இதை அமுக்குங்க, வெளியே மணி அடிக்கும்" என்றான்.

யார் கையில் எதைக் கொடுக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை. பாவம்.

மெஷின் டக் டக் என்று தொடங்கியதுமே மணி அடித்தது. பையன் உள்ளே ஓடினான்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்க. அது பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருந்துச்சு. பதில் சொல்லாம இருந்தா மரியாதையா இருக்காதுங்களே!"

மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி மணி. பையன் வியர்க்க விறுவிறுக்க என்னிடம் வந்தான். "சார், உங்க ஆளு மெஷினுக்கே மாடு விக்கறாரா?"

கடைசியில் என் சாவி, போன், பெல்ட் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு என்னை உள்ளே விட்டார்கள். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் எடுத்து முடியும்வரை மனிதர் இம்மியும் அசையவில்லை.

டாக்டர் நினைத்தது சரிதான். முன்பக்கத்தில் சின்னதாக ஒரு நிழல். அந்த இடத்தைக் குறிவைத்து ஊசி போட்டார்கள், கேன்சர்தான். வெளியே பரவவில்லை, ஆபரேஷன் செய்துவிடலாம், மனைவியை அழைத்து வாருங்கள் என்றார். பிடிபட்டதே என்று சந்தோஷப்படுவதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"பாப்பாத்திகிட்ட நீங்களே சொல்லிருங்க சார்" என்று வீட்டு வாசலில் துண்டுக்காரர் என்னை முன்னால் தள்ளிவிட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பாப்பாத்தி அக்காவின் முன் நின்று, "அக்கா, அவருக்கு ராத்திரியில..." என்று ஆரம்பித்தேன்.

"ஏனுங்க சார், ராத்திரியெல்லாம் கதவு தொறக்கற சத்தம் எனக்குக் கேக்காதுங்களா? அவரா வாயத் தொறந்து சொல்லட்டும்னுதான் இத்தன நாளாப் பாத்துக்கிட்டிருக்கேன்."

என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "பயமா இருக்குது புள்ள."

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனாள். நான் சத்தமில்லாமல் வீட்டுக்கு நடையைக் கட்டினேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் ரிடையராகித் திருச்சூரில் மகளோடு இருக்கிறேன். வாரா வாரம் சந்தை நாளில் அவர் வீட்டுக்குப் போன் போடுவேன், அக்காதான் எடுப்பாள்.

"அவர் இருக்காராக்கா?"

"சந்தைக்குப் போயிட்டாருங்களே சார்!"

அன்றைக்கு அவர் வீட்டில் இருக்க மாட்டார் என்று தெரிந்தேதான் கூப்பிடுகிறேன். அந்தப் பதிலைக் கேட்டால்தான் எனக்கு அந்த வாரம் நிம்மதியாகப் போகிறது.