பிஜித் தீவுக்கு ஒரு புது மாப்பிள்ளை

என் அப்பாவுக்கு ரெண்டாங் கல்யாணம் செய்து வைத்தவள் நான்தான். (அப்பாவுக்குத் தெரியாமல். அம்மாவுக்கும் தெரியாமல். உண்மையைச் சொன்னால், எனக்கே தெரியாமல்.) சம்பந்தப்பட்ட எல்லோரும் என்னை மன்னித்துவிட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இப்போது எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சரவணம்பட்டியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் உலகமே நமக்கு அத்துப்படி என்று நினைக்கிற வயது. அப்பா சோமனூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வருடம் தை மாதம் அவருக்கு அறுபது முடிந்து, ஊர் மண்டபத்தில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. ஐயர் மந்திரம் சொல்ல, பெருந்துறையிலிருந்து என் தாய்மாமன்கள் இருவரும் சீர்த்தட்டோடு வர, அப்பா அம்மா கழுத்தில் மறுபடியும் தாலி கட்டினார். இரண்டு பேருக்கும் வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பந்தியில் யாரோ ஒருவர், "அப்பறம், ஹனிமூன் எங்கீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் இலையில் இருந்த பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால், கல்யாணமான மூன்றாம் நாள், "இந்தப் பாவு முடியட்டும், ஊட்டிக்குப் போலாம்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். பாவு என்பது தறியில் ஏற்றுகிற நூல். ஒன்று முடிந்தால் அடுத்தது ஏறும். அதற்குப் பிறகு நானும் பிறந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டேன். பாவு மட்டும் முடியவே இல்லை. சோமனூரிலிருந்து ஊட்டி மூன்று மணி நேரம்தான். அம்மா அதுவரை ஊட்டியைப் பார்த்ததில்லை.

சரி, நாமே அனுப்பி வைப்போம் என்று முடிவு செய்தேன். இதுவரைக்கும் நான் நல்ல பெண்தான். ஊட்டிக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் ஆபீசில் ஆளாளுக்கு மாலத்தீவு போய்வந்து போட்டோ காட்டிக்கொண்டிருந்த நேரம் அது. என் அப்பா அம்மா அதையும் தாண்டிப் போகவேண்டாமா? பிஜி என்று முடிவானது. கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து பத்து மணி நேரம் கடல்மேல் பறந்து பிஜி, அப்புறம் தண்ணீரில் இறங்குகிற குட்டி விமானத்தில் ஒரு தீவு, படகில் இன்னொரு தீவு. (அதுவரை நான் போன அதிகபட்ச தூரம் கோவா. அதுவும் பஸ்ஸில், வாந்தியோடு.)

அம்மாவுக்கு போனில் படத்தைக் காட்டினேன். விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"நெசமாலுமே தண்ணி இந்தக் கலர்லயா இருக்கும் கண்ணு?"

"ஆமாம்மா."

"சாயப்பட்டறைத் தண்ணி கணக்கா இருக்குது" என்றாள். ஆனால் போனைத் திருப்பித் தரவில்லை. அன்றிலிருந்து நான் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு சனிக்கிழமையும், வேறு எதையோ கேட்பது போல வந்து, "அந்தக் கடலு இன்னும் இருக்குதா?" என்பாள். நான் போனை நீட்டுவேன். அடுப்பில் பால் பொங்கும்.

அப்பாவைச் சம்மதிக்க வைக்க மூன்று மாதம் ஆனது. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு தலையாட்டினார்: "ஒரே ஒருக்கா வாரேன் கண்ணு. இதுல ஏதாச்சு ஏறுக்குமாறா ஆச்சுன்னா, அப்பறம் எந்த ஊருக்கும் என்னையக் கூப்படக்கூடாது." அப்பா சொன்னால் சொன்னதுதான். அதாவது, நான் சொதப்பினால் அம்மாவுக்குக் கடலும் இல்லை, ஊட்டியும் இல்லை.

அந்தப் பொறுப்பை உணர்ந்து நான் எக்செல்லில் ஒரு திட்டம் போட்டேன். விமானத்துக்கு நீலம், படகுக்குப் பச்சை, அப்பாவின் மாத்திரைக்கு மஞ்சள். எந்த விடுதியில் தயிர் கிடைக்கும் என்று ஒன்பது விடுதிகளுக்கு இமெயில் எழுதினேன். எட்டுப் பேர் பதில் போடவில்லை. ஒரு விடுதி மட்டும் "அன்னாசிப்பழம் கலந்த தயிர் உண்டு" என்று அன்போடு எழுதியது. அதையே பிடித்துக்கொண்டேன்.

அந்த விடுதியின் படிவத்தில்தான் விதி உட்கார்ந்திருந்தது. கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் வருகிற தேனிலவுத் தம்பதிகளுக்கு, சாதாரண அறைக்குப் பதிலாகக் கடல்மேல் கட்டிய குடில் இலவசமாம். இலவசம் என்ற சொல்லைப் பார்த்தால் கை தானாக டிக் அடிக்கிற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அப்பா தாலி கட்டி ஆறு மாதம்தானே ஆகிறது? டிக். திருமண அத்தாட்சி கேட்டார்கள். அறுபதாம் கல்யாணப் பத்திரிகையை நானே இங்கிலீஷில் மொழிபெயர்த்து அனுப்பினேன். 'அறுபதாம்' என்பதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. (இடம் போதவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.) மணமகன் கைபேசி எண் என்ற இடத்தில் அப்பாவின் எண்ணைப் போட்டேன்.

அத்தோடு நிறுத்தினேனா? விசா ஆபீசிலிருந்து யாராவது கூப்பிட்டால் அப்பா பயந்து உளறிவிடுவாரே என்று அவரை உட்காரவைத்துப் பாடமும் நடத்தினேன். "வெளிநாட்டு நம்பர்ல கூப்பிட்டா, அவங்க எதைக் கேட்டாலும் எஸ்னு சொல்லீருங்கப்பா. யோசிச்சீங்கன்னா சந்தேகப்படுவாங்க."

அப்பா நல்ல மாணவர்.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தறிக்காரர்கள் சங்கக் கூட்டம். அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் அப்பா. அவர் போன் அடிக்கிறது. வெளிநாட்டு நம்பர். அப்பா எப்போதுமே ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். எதிர்முனையில் ஒரு பெண் இங்கிலீஷில் சந்தோஷமாகப் பொழிய, அப்பா போனைப் பக்கத்தில் இருந்த வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் ஹைஸ்கூலில் கெமிஸ்ட்ரி எடுத்து ஓய்வு பெற்றபின் தறி போட்டவர். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். (அவர் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். இதுவரை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார்.)

"மாப்பிள்ளைங்களான்னு கேக்கறாங்க" என்றார் வாத்தியார்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "எஸ்" என்றார்.

"புதுசாக் கல்யாணமாயிருக்குதாமுங்களா?"

"எஸ்."

கூட்டத்தில் விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறுவதை நிறுத்தினார்கள்.

"பொண்ணு குளிக்கற தொட்டியில பூப் போடோணுமுங்களான்னு கேக்கறாங்க." வாத்தியாரின் குரல் லேசாக நடுங்கியதாம்.

"எஸ்."

"ரெண்டு பேருத்துக்கும் சோடியா எண்ணெய் தேச்சு உடோணுமுங்களாமா?"

"எஸ், எஸ்."

அப்புறம், கேக்கில் எழுத மணப்பெண்ணின் செல்லப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அதற்கு எஸ் பொருந்தாது என்பது அப்பாவுக்கே தெரிந்துவிட்டது. பாடத்தில் இல்லாத கேள்வி. அவர் முழித்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் ரெண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கூட்டம் அப்பாவையே பார்த்தது. அப்பா அவர்களைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துச் சொன்னார்: "ஒண்ணுமில்லீங்க. எல்லாம் என்ற பொண்ணோட ஏற்பாடு. அதுக்கு எல்லாந் தெரியும்."

அப்பா போண்டா சாப்பிட்டு வீடு வந்து சேர்வதற்குள் செய்தி பெருந்துறை போய்விட்டது. அவர் சட்டையைக் கழற்றக்கூட இல்லை, வாசலில் கார் வந்து நின்றது. பெரிய மாமா, சின்ன மாமா. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார்கள். எங்கள் பக்கம் ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்து தண்ணீர் குடிக்கவில்லை என்றால் விஷயம் கொலைக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது என்று அர்த்தம்.

ஆனாலும் மரியாதை குறையவில்லை.

"ஏனுங் மாப்ள, நாங்க கேக்கறமேன்னு தப்பா நெனைக்கப்படாதுங்க" என்று ஆரம்பித்தார் பெரிய மாமா.

"சொல்லுங்க மச்சான்."

"நீங்க இன்னொரு கல்யாணம் பண்ணிப்போட்டீங்களாமுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். இதற்கும் எஸ் சொல்லவேண்டுமா என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை.

"என்ற தங்கச்சிக்கு என்னங்க கொறை?" மாமாவுக்குக் குரல் உடைந்தது. "பொண்ணு ஏதோ தீவுல இருக்குதாமுங்களே. ஆரு எவருன்னு எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

சின்ன மாமா என் பக்கம் திரும்பினார். "நீயுமா சாமி இதுக்கு உடந்தை?"

அடுக்களை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நாக்கு வந்தது. லேப்டாப்பைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டிக், பத்திரிகை, மொழிபெயர்க்காத 'அறுபதாம்', எல்லாம். "அந்தக் கல்யாணத்துக்குச் சீர் கொண்டாந்ததே நீங்கதானுங்க மாமா. பத்திரிகையில வரவேற்புன்னு உங்க ரெண்டு பேர் பேருதான் போட்டிருக்குது."

மாமாக்கள் திரையில் தங்கள் பெயரை இங்கிலீஷில் படித்தார்கள். பெரிய மாமா மெதுவாகக் குனிந்து தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. அவர் முகம் அப்படிச் சுண்டிப்போய் நான் பார்த்ததே இல்லை. எழுபது பேர் முன்னால் மனிதர் குளியல் தொட்டிக்குப் பூக் கேட்டிருக்கிறார். "இனி அந்தப் பேச்சே வேண்டாம். டிக்கெட்டக் கேன்சல் பண்ணிப்போடு" என்றார். அவர் கோபமாகக் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று மாதம் கெஞ்சி வாங்கிய சம்மதத்தை ஒரு டிக்கில் தொலைத்திருந்தேன். அம்மா என்னைத் திட்டவும் இல்லை.

அப்போது மேசைமேல் அப்பாவின் போன் அடித்தது. அதே நம்பர். யாரும் தொடவில்லை. அம்மா வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அலோ. நான்தானுங்க பொண்ணு."

என்னைப் பார்த்து, "சொல்லு, இங்கிலீஷ்ல" என்றாள். "கல்யாணமாகி முப்பத்தாறு வருசமாச்சுன்னும் சொல்லு. அவுங்களுக்கு எதுக்குப் பொய்யி?"

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன். எதிர்முனையில் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். இலவசத்தைப் பற்றி மேலாளரிடம் கேட்கிறேன், அது கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லுங்கள் என்றாள். அறை எப்படி இருக்கவேண்டும்? அமைதியாக, மரங்களுக்கு நடுவிலா?

நான் மொழிபெயர்த்தேன். அம்மா யோசிக்கவே இல்லை.

"அமைதியெல்லாம் வேண்டாமுங்க. இவருக்குத் தறிச் சத்தமில்லாட்டித் தூக்கம் வராது. கரண்டு போச்சுன்னா எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. முப்பத்தாறு வருசமாப் பாக்கறனே. அலை நல்லாச் சத்தம் போடற பக்கமாப் பாத்து ஒரு ரூம்பு குடுக்கச் சொல்லு."

மாமாக்கள் இருவரும் உத்தரத்தைப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். அம்மாவுக்குத் தன்னைப் பற்றி இவ்வளவு தெரியும் என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும் போல.

"பூ?" என்றேன், ஈனஸ்வரத்தில்.

"தொட்டிக்கெல்லாம் வேண்டாம். தலைக்கு வெக்க மல்லிகை கெடைக்குமான்னு கேளு."

அம்மா போனை வைத்தாள். அப்பா தொண்டையைச் செருமினார். "குளுருக்குச் சொட்டர் எடுத்துக்கோணுமா கண்ணு, அந்த ஊருக்கு?" என்று என்னிடம் கேட்டார். அவ்வளவுதான். கேன்சல் என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

ஆவணியில் போனார்கள். கடல்மேல் குடில் கிடைக்கவில்லை. கரையோரம், பாறையில் அலை மோதுகிற இடத்தில் சாதாரண அறைதான். முதல் நாளே அம்மா போன் செய்தாள். "உங்கொப்பா பகல்லயே கொறட்டை உடறாரு. தண்ணி நெசமாலுமே அந்தக் கலர்தான் கண்ணு."

ஆனால் பெருந்துறைக்காரர்கள் இதை லேசில் விடுவார்களா? ஐப்பசியில் மாமாக்கள் இருவரும் வேட்டி, சேலை, தேங்காய் பழத் தட்டோடு வந்து நின்றார்கள். "புது மாப்பிள்ளையத் தலை தீபாவளிக்கு அழைச்சுட்டுப் போலாம்னு வந்தோமுங்க." அப்பா உதறி எறிவார் என்று நினைத்தேன். போய்விட்டார். மாமனார் வீட்டில் எண்ணெய் வைத்துக் குளித்து, மோதிரமும் போட்டுக்கொண்டு வந்தார். விளையாட்டாக ஆரம்பித்தது அடுத்த வருடமும் நடந்தது, அதற்கடுத்த வருடமும் நடந்தது. இப்போதெல்லாம் கார் வரக் கொஞ்சம் தாமதமானால், "ஏனாமா, மறந்துபோட்டாங்களா?" என்று அப்பா வாசலுக்கும் வீட்டுக்கும் நடக்கிறார்.

போன வருடம் எனக்குக் கல்யாணமானது. நிஜமான தலை தீபாவளி. கணவரோடு விடியற்காலையில் சோமனூர் வந்து இறங்கினால் வீடு பூட்டியிருந்தது. போன் செய்தேன்.

"சித்தெ இரு கண்ணு" என்றார் அப்பா. பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம். "இப்பத்தான் தலைக்கு எண்ணெய் வெச்சிருக்கறாங்க. மச்சான் உடமாட்டீங்கறாரு. நீங்களும் இங்கயே வந்துருங்களே."

போனோம். அப்பா அம்மாவுக்கு முடிந்தபின் எங்கள் தலையில் எண்ணெய் வைத்தார்கள். மோதிரம் ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள், அது அப்பாவுக்கு. என் கணவருக்கு ஒரு பெட்டி மைசூர்பா.