வளையல் போட்ட உளவாளி

மதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமென்று நம்புகிறேன். என் நலத்தைக் கேட்க வேண்டாம். சனிக்கிழமை தங்கள் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

என் தொடர்கதையின் உளவாளி நாயகி பட்டு உடுத்தி, கை நிறைய வளையலோடு எதிரியின் வீட்டுக்குள் நுழைந்து, சத்தமில்லாமல் கடிதத்தை எடுத்து வருவது நம்பும்படியாக இல்லை என்று ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் எழுதியிருக்கிறார். "வியாழனுக்குள் உடையைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் தொடரை முடித்துக்கொள்ளலாம்" என்று தாங்களும் சிவப்பு மையில் எழுதிவிட்டீர்கள். முப்பத்தொரு வருஷம் ஆவண அறையில் அடுத்தவர் எழுதியதை அடுக்கி வைத்தவன் ஐயா நான். என் எழுத்து அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. இதுவும் நின்றுபோனால் காலையில் எதற்கு எழுந்திருப்பது என்றே தெரியவில்லை.

அதனால் எந்த உடை காட்டிக்கொடுக்காது என்று நானே போட்டுப் பார்த்துவிடத் துணிந்தேன். சமையலறை அலமாரியின் மேல்தட்டில் பிஸ்கட் டப்பா இருக்கிறது. மருத்துவர் எனக்குச் சர்க்கரையைத் தடுத்ததிலிருந்து அது மனைவியின் காவலில் இருக்கிறது. அவள் பாத்திரம் கழுவும்போது பின்னால் போய் ஒரு பிஸ்கட்டோடு திரும்பினால் அந்த உடை தேறியது என்று கணக்கு. முதலில் எல்லாக் கதையிலும் வருகிற மாதிரி தலை முதல் கால் வரை கறுப்பு. எங்கள் வீட்டுச் சுவரோ வெள்ளை. நான் நிலையைத் தாண்டுவதற்குள், "கறுப்புல தொந்தி கொஞ்சம் கம்மியாத் தெரியுது, இதையே போடுங்க" என்றாள். மறுநாள் மழைக்கோட்டு, அது நடக்க நடக்கப் பொட்டலம் பிரிக்கிற மாதிரி சரசரவென்றது, வெயில் கொளுத்தும்போது எதற்கு மழைக்கோட்டு என்றவளிடம் கடைக்குக் கிளம்பினேன் என்று சொல்லிவிட்டு அப்படியே கடைத்தெருவுக்குப் போய்த் தொப்பலாக வேர்த்துத் திரும்பினேன், சரி, சத்தமெல்லாம் செருப்புலதான் இருக்குன்னு செவ்வாய்க்கிழமை வெறும் காலுறையோட போனா ஈரத்தரை வழுக்கி நான் ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம், "விழறதுன்னா சொல்லிட்டு விழக்கூடாதா, துடைச்சு வச்சிருப்பேனே"ங்கிறா, இடுப்பு இன்னும் வலிக்குது ஐயா.

இன்று காலை பரணில் இருந்த பெட்டியைத் திறந்து, பதினைந்து வருஷமாகப் போடாத பருத்திச் சட்டையை எடுத்தேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்டது. நிறம் சாம்பலா பழுப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. வெறுங்காலோடு மூன்று தடவை போனேன், மூன்று பிஸ்கட். அவள் திரும்பவே இல்லை. ஆகவே இனி நாயகிக்குப் பழைய பருத்திச் சட்டைதான், வளையல் கிடையாது. அவளுக்கு நான் போட்டுவிட்ட பட்டும் வளையலும் என் மனைவியுடையவை. அடித்து எழுதும்போது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

தங்கள் இதழ் இன்னும் பல வீடுகளுக்குப் போகவும், அந்தக் காவல் அதிகாரி வேறு தொடருக்கு மாறவும் வேண்டும்,
தங்கள் பணிவுள்ள தொடர்கதை எழுத்தாளன் (வியாழன் வரை).

பி.கு. ஐயா, இதை எழுதுவது அவர் மனைவி. அந்தச் சட்டை அந்துருண்டைக்கு நடுவில் கிடந்தது. அவர் கூடத்தைத் தாண்டும்போதே சமையலறைக்கு வாசம் வந்துவிட்டது. தெரிந்துதான் மூன்று தடவையும் திரும்பவில்லை. இந்த வாரம் அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்தபின் பிடிக்க மனசு வரவில்லை. டப்பாவில் அவர் விழுந்த அன்றே சர்க்கரை இல்லாத பிஸ்கட்டை மாற்றி வைத்துவிட்டேன், அதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. இப்போது இந்தக் கடிதத்தின் மேலேயே முழங்கையை ஊன்றிக்கொண்டு நாற்காலியில் தூங்குகிறார். கைக்கு அடியிலிருந்து உருவி எடுத்துத்தான் இதை எழுதுகிறேன், பழையபடி வைத்துவிடுவேன். தோழியின் பணி ஓய்வு விருந்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். உடம்பில் பட்டு, கையில் பன்னிரண்டு வளையல். நாயகியின் உடையை மாற்ற வேண்டாம்.